மறுமுனையை மறவாதீர்கள்

கொத்மலையில் ஆசிரியர்கள், தோட்ட அலுவலகப் பணியாளர்கள், மாணவர்கள் முன் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்

கொத்மலை என்றால் வெளியூர்க்காரருக்கு அணைக்கட்டுத்தான் ஞாபகம் வரும். எனக்கு முதலில் ஞாபகம் வருவது இங்கே உள்ள வானொலி நிலையம். அணைக்காகக் காணியையும் வீட்டையும் விட்டுக் கிளம்பிய குடும்பங்களை மனதில் வைத்து, 1989இல் இலங்கை ஒலிபரப்புக் கூட்டுத்தாபனத்தின் கீழ் தொடங்கிய கொத்மலை சமூக வானொலி அது. பத்து வருஷம் கழித்து, 1999இல், யுனெஸ்கோவின் உதவியோடு அந்த நிலையத்துக்கு இன்டர்நெட் வந்தது. கம்பளை, நாவலப்பிட்டி நூலகங்களுக்கும் இணைப்புக் கொடுத்தார்கள்.

அன்றைக்கு இந்தப் பள்ளத்தாக்கில் கணினி உள்ள வீடு எத்தனை இருந்திருக்கும்? டெலிபோனே அபூர்வம். ஆகவே நிலையத்தார் ஒரு வழி கண்டார்கள். நேயர் தன் கேள்வியை எழுதி அனுப்புவார். அறிவிப்பாளர் நிலையத்துக் கணினி முன் உட்கார்ந்து இணையத்தில் தேடுவார். ஆங்கிலத்தில் கிடைத்ததை ஊர் மொழிக்கு மாற்றி, ஒலிபரப்பிலேயே பதில் சொல்வார். வைத்தியம், சட்டம் என்று விஷயம் தெரிந்தவர் வேண்டுமென்றால் அவரையும் பக்கத்தில் வைத்துக்கொள்வார். ‘ரேடியோ பிரவுசிங்’ என்று இதற்குப் பெயர் வந்தது. வளரும் நாடுகளில் இணையத்தை எப்படிக் கிராமத்துக்குக் கொண்டுபோவது என்று பேசிய இடமெல்லாம் கொத்மலையின் பெயர் அடிபட்டது.

அந்த ஏற்பாட்டைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். நிலையத்து முனையில் அன்றைய புதுக் கணினி. வீட்டு முனையில் பழைய டிரான்சிஸ்டர் ரேடியோ. புதியது இணையத்தைப் பார்த்து நின்றது. பழையது வீட்டுக்குள் பத்திரமாக இருந்தது. நடுவில் இரண்டுக்கும் ஒத்துப்போகிற ஒரு வழி இருந்தது. இன்றைக்கு நான் சொல்ல வந்தது முழுவதும் இதற்குள் அடங்கிவிடும்.

தூரத்தில் உள்ள கணினியை இங்கிருந்தே இயக்குகிற வித்தையும் ஏறக்குறைய அதே காலத்தில்தான் பரவத் தொடங்கியது. 1998இல் இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் ஆய்வுகூடம் ஒன்றிலிருந்து விஎன்சி என்ற மென்பொருள் இலவசமாக வெளிவந்தது. அதே 1998இல் மைக்ரோசொப்ட், விண்டோஸ் என்டி 4.0இன் ஒரு பதிப்போடு இன்று ரிமோட் டெஸ்க்டொப் என்று நாம் சொல்லும் முறையின் முதல் வடிவத்தைத் தந்தது. 2001இல் வந்த எக்ஸ்பி புரொபெஷனலில் அது சாதாரண மேசைக் கணினிக்கும் வந்து சேர்ந்தது.

கொழும்பில் இது வசதிக்கான விஷயம். மலையகத்தில் இது வேறு. இங்கே ஒரு பாடசாலைக் கணினி நின்றுபோனால், திருத்துகிறவர் ஹட்டனிலிருந்தோ கண்டியிலிருந்தோ பஸ் ஏறி வரவேண்டும். வந்து போக ஒரு நாள் போய்விடும். மழைக்காலத்தில் ரோட்டில் மண் சரிந்தால் அந்த ஒரு நாளும் கையில் இல்லை. 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் அடித்தபோது மலையகத்து ரோடுகள் என்ன ஆயின என்பதை இந்த மண்டபத்தில் இருக்கிறவர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. ஆகவே, கணினிக்கு எந்த விண்டோஸ், எந்த லினக்ஸ் என்று இங்கே நாம் தெரிவு செய்யும்போது, நாளைக்கு யார் நமக்குத் தூரத்திலிருந்து உதவ முடியும், யாருக்கு முடியாது என்பதையும் சேர்த்தே தெரிவு செய்கிறோம்.

இதை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன். 2018 மே 9ஆம் திகதி. ஒரு தோட்ட ஆபிஸிலிருந்து பெரிய கிளாக்கர் ஐயா காலையிலேயே போன் எடுத்தார். “தம்பி, நாளைக்கு சம்பளம். செக்ரோல் பிரின்ட் வருதில்ல. கொஞ்சம் பாருங்க” என்றார். செக்ரோல் என்றால் தோட்டத் தொழிலாளரின் சம்பளப் பட்டியல். நான் வழமையாக ஹட்டனில் என் வீட்டிலிருந்தபடியே அந்தக் கணினியைத் திறந்து பார்ப்பவன். அன்றைக்குத் திறக்கவில்லை. அடையாளச் சரிபார்ப்பில் பிழை என்று ஒரு பெட்டி வந்தது. அதற்குள் கிரெட்எஸ்எஸ்பி என்றொரு சொல். முதல் நாள் வரை நன்றாக இருந்த இணைப்பு.

நடந்தது இதுதான். ரிமோட் டெஸ்க்டொப்பில் கடவுச்சொல் கைமாறுவதற்கு முன் இரண்டு கணினிகளும் ஒன்றையொன்று சரிபார்க்கும் முறைக்குத்தான் அந்தப் பெயர். அதில் ஓட்டை இருப்பது தெரியவந்து, 2018 மார்ச்சில் திருத்தம் வெளியானது. மே 8ஆம் திகதி வந்த புதுப்பிப்பு இன்னும் ஒரு படி போனது. திருத்தம் போடாத கணினியோடு இனிப் பேச வேண்டாம் என்று, திருத்தம் போட்ட கணினியைத் தடுத்துவிட்டது. என் வீட்டுக் கணினி இரவோடு இரவாகத் தன்னைப் புதுப்பித்துக்கொண்டிருந்தது. தோட்டத்துக் கணினிக்கு நான் இரண்டு மாதமாகத் திருத்தம் போடவில்லை. தவறு முழுவதும் என்னுடையது. பஸ் பிடித்து நான் போய்ச் சேரும்போது மத்தியானம் கழிந்துவிட்டது. அந்த வருஷம் உலகம் பூராவும் இதே பெட்டியைப் பார்த்தவர்கள் ஏராளம்.

அன்று பலர் செய்த குறுக்குவழி ஒன்று உண்டு. புதுக் கணினியின் காவலைத் தளர்த்திவிட்டுப் பழையதோடு பேச வைத்தார்கள். இணைப்பு வந்தது. ஆனால், எந்த ஓட்டையை அடைக்கத் திருத்தம் வந்ததோ, அதைத் தாங்களே திறந்துவிட்டார்கள். நான் போய் அந்தப் பழைய கணினிக்குத் திருத்தம் போட்டேன். பழையதைத் தூக்கிவிட வேண்டும். அதற்காகப் புதியதைத் தாழ்த்தக்கூடாது. தூக்கிவிடவே முடியாத பழையது என்றால், அதை இணையத்துக்கு எட்டாமல் உள்ளே வைக்க வேண்டும். இந்த மூன்றையும் மனதில் பதித்துக்கொள்ளுங்கள்.

இனிப் பதிப்புகளுக்கு வருவோம். நம்மில் பலர் பார்ப்பது எண்ணை: 7, 10, 11. பார்க்க வேண்டியது திகதியை. எக்ஸ்பிக்கு ஆதரவு 2014 ஏப்ரல் 8ஆம் திகதி முடிந்தது. விண்டோஸ் 7க்கு 2020 ஜனவரி 14. விண்டோஸ் 10க்கு 2025 ஒக்டோபர் 14. ஆதரவு முடிவது என்றால் கணினி நின்றுவிடும் என்று அர்த்தமில்லை. அது வழமைபோல எழும்பும், பிரின்ட் எடுக்கும், படம் போடும். ஓட்டை கண்டுபிடிக்கப்பட்டால் அடைக்க ஆள் வராது, அவ்வளவுதான். லயத்துக் கூரையில் ஓட்டை விழுந்தது வெயில் காலத்தில் யாருக்கும் தெரியாது.

விண்டோஸ் 10க்கு வீட்டுப் பாவனையாளர்கள் பதிந்துகொண்டால் 2026 ஒக்டோபர் 13 வரை பாதுகாப்புத் திருத்தம் கிடைக்கும் என்று மைக்ரோசொப்ட் அறிவித்திருக்கிறது. அது மூச்சு வாங்க ஓர் அவகாசம். விண்டோஸ் 11க்கு மாறுவோம் என்றால் அது கேட்கும் நிபந்தனைகள் இருக்கின்றன. 4 ஜிபி ரேம், 64 ஜிபி சேமிப்பிடம், டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லு, இன்டெல் என்றால் பெரும்பாலும் எட்டாம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்திய புரொசெசர். நான் போய்ப் பார்த்த பாடசாலை ஆய்வுகூடங்களில் முதல் இரண்டும் எப்படியோ தேறிவிடுகின்றன. தடுக்குவது மற்ற இரண்டில்தான். டொலர் தட்டுப்பாட்டுக் காலத்தில் புதுக் கணினி வாங்க முடியாமல் பழையதையே ஒட்டுப்போட்டு ஓட்டிய பாடசாலைகளை இதில் குறை சொல்ல முடியாது.

பதிப்பில் கவனிக்க இன்னொன்று உண்டு. விண்டோஸில் ‘ஹோம்’ என்று ஒன்று, ‘புரோ’ என்று ஒன்று. ஹோம் பதிப்பிலிருந்து வேறொரு கணினியை ரிமோட் டெஸ்க்டொப்பால் பார்க்கலாம். ஹோம் பதிப்பை வேறொருவர் அந்த வழியாகப் பார்க்க முடியாது. கதவு உள்ளேயிருந்து வெளியே மட்டும் திறக்கும். கடையில் பத்துக் கணினி வாங்கி, வீட்டுக்குக் கொண்டுவந்த பிறகு இது தெரியவந்து தலையில் கை வைத்தவர்களை நான் அறிவேன். பணம் கொடுக்கும் முன் கேளுங்கள். ஹோம்தான் இருக்கிறது என்றாலும் வழி அடைபட்டுவிடவில்லை. விண்டோஸ் 10, 11 இரண்டிலும் ‘குயிக் அசிஸ்ட்’ என்று ஒன்று கூடவே வருகிறது. மறுமுனையில் ஓர் ஆள் இருந்து அனுமதி கொடுத்தால் அதன் வழியாக உதவலாம்.

டீம்வியூவர், எனிடெஸ்க் போன்றவை விண்டோஸோடு பிறந்தவை அல்ல. அவற்றுக்கும் பதிப்பு இருக்கிறது, அவற்றின் ஒத்துப்போதலும் இரு முனையையும் பொறுத்ததுதான். டீம்வியூவரில் உதவி செய்கிறவரிடம் பழைய பதிப்பும், உதவி கேட்கிறவரிடம் புதிய பதிப்பும் இருந்தால் இணைப்புக் கிடைக்காது. ஆகவே உதவி செய்கிறவர்தான் முதலில் புதுப்பித்துக்கொள்ள வேண்டும். குரோம் உலாவியை நம்பியிருக்கும் ரிமோட் கருவிக்கு இன்னொரு சிக்கல். விண்டோஸ் 7இல் ஓடக்கூடிய கடைசி குரோம் 109ஆம் பதிப்பு. அது 2023 ஜனவரியில் வந்தது. அதோடு அந்தத் தடம் முடிந்தது.

லினக்ஸ் பக்கம் போகிற ஆசிரியர்களுக்காக ஒரு விஷயத்தைச் சற்று விரித்துச் சொல்கிறேன். பழைய கணினிக்கு லினக்ஸ் நல்ல மருந்துதான். ஆனால் எந்தப் பதிப்பு என்பது ரிமோட் வேலையில் பெரிய வித்தியாசத்தை உண்டாக்கும். லினக்ஸின் திரை பல்லாண்டுகளாக எக்ஸ் என்ற முறையில் ஓடியது. அது 1984இல் அமெரிக்காவின் எம்ஐடியில் பிறந்தது. அந்த முறையில் ஒரு மென்பொருள் மற்ற மென்பொருளின் திரையைத் தாராளமாகப் பார்க்கலாம். ரிமோட் கருவிகளுக்கு அது சௌகரியம், திருடனுக்கும் அதே சௌகரியம். இப்போது வேலண்ட் என்ற புதிய முறை வந்திருக்கிறது. கேட்காமல் யாரும் திரையைப் பார்க்க அது விடாது. எக்ஸை நம்பி எழுதிய ரிமோட் மென்பொருட்கள் பல அங்கே தடுமாறுகின்றன. சில சமயம் மறுமுனையில் ஓர் ஆள் உட்கார்ந்து ‘அனுமதி’ என்று அழுத்தினால்தான் திரை தெரியும். பூட்டிக் கிடக்கும் ஆய்வுகூடத்தில் யார் அழுத்துவது?

லினக்ஸ் வகைகளுள் ஒன்றான உபுண்டு 22.04இல் ரிமோட் டெஸ்க்டொப் உள்ளேயே இருக்கிறது. ஆனால் அங்கே யாராவது முன்கூட்டியே உள்நுழைந்திருக்க வேண்டும். 24.04இல் யாரும் இல்லாதபோதும் தூரத்திலிருந்தே உள்நுழையலாம். அதற்குச் சாதாரண ஆதரவு 2029 வரை இருக்கிறது. லினக்ஸ் மின்ட் 22உம் அதே 2029 வரைதான், ஆனால் அது இன்னும் எக்ஸ் முறையிலேயே வருவதால் பழகிய கருவிகள் ஓடும். ஆகவே என் தீர்ப்பு இது. விண்டோஸ் 11 ஏறாத ஆய்வுகூடத்துக்கு, ஆளில்லாத நேரத்தில் பராமரிக்க வேண்டுமென்றால் உபுண்டு 24.04. வழமையான ரிமோட் மென்பொருளால் ஆசிரியர் இருக்கும் நேரத்தில் உதவி பெற்றால் போதுமென்றால் மின்ட் 22.

தமிழில் வேலை செய்கிறவர்களுக்கு ஒரு குறிப்பு. ரிமோட் டெஸ்க்டொப்பில் தட்டச்சு செய்யும்போது, பொதுவாக எந்த விசை அழுத்தப்பட்டது என்பதுதான் அந்தப் பக்கம் போகிறது. அதை எழுத்தாக்குவது மறுமுனையில் உள்ள விசைப்பலகை அமைப்பு. உங்கள் கணினியில் தமிழ் இருந்து அங்கே இல்லாவிட்டால் ஆங்கில எழுத்துத்தான் விழும். பாமினி எழுத்துருவில் அடித்த பழைய கடிதத்தை, பாமினி இல்லாத கணினியில் திறந்தால் அர்த்தமில்லாத ஆங்கில எழுத்தாகத் தெரியும் அல்லவா, அதே போன்ற கதை. தமிழ் விசைப்பலகையை இரு பக்கத்திலும் போடுங்கள், ஆவணங்களை யுனிகோடுக்கு மாற்றுங்கள்.

இனி ஆபத்தைப் பற்றி. 2019 மே மாதம் ரிமோட் டெஸ்க்டொப்பில் ‘புளூகீப்’ என்ற ஓட்டை வெளியானது. கடவுச்சொல்லே தெரியாமல் ஒருவன் உள்ளே வரலாம். எக்ஸ்பி, விஸ்டா, விண்டோஸ் 7 ஆகியவற்றில் அது இருந்தது, விண்டோஸ் 8இலும் 10இலும் இல்லை. ஆதரவு முடிந்து ஐந்து வருஷமான எக்ஸ்பிக்கும் மைக்ரோசொப்ட் திருத்தம் வெளியிட்டது என்றால் விஷயத்தின் கனத்தை யோசித்துப் பாருங்கள். ஒவ்வொரு முறையும் அப்படி வெளியிடுவார்கள் என்று நம்பி இருக்க முடியாது.

நம் நாட்டிலேயே பாடம் இருக்கிறது. 2023 ஓகஸ்டில் அரசாங்கத்தின் கிளவுட் மீது கப்பம் கேட்கும் வைரஸ் தாக்கியது. ஏறக்குறைய 5,000 அரச மின்னஞ்சல் முகவரிகள் பாதிக்கப்பட்டன. மே 17ஆம் திகதி முதல் ஓகஸ்ட் 26ஆம் திகதி வரையான தரவு திரும்பக் கிடைக்கவில்லை. அங்கே ஓடியது 2013ஆம் ஆண்டின் எக்ஸ்சேஞ்ச் மின்னஞ்சல் மென்பொருள். அதற்கான ஆதரவு அந்த ஏப்ரலிலேயே முடிந்திருந்தது. மேம்படுத்தத் திட்டம் இருந்தும் நிதிப் பற்றாக்குறையால் தள்ளிப்போயிருந்தது. அரசாங்கத்துக்கே இந்த நிலை என்றால், இணையத்தை நேரே பார்த்துக்கொண்டு நிற்கும் ஒரு பழைய தோட்ட ஆபிஸ் கணினிக்குக் காவல் ஏது? ரிமோட் டெஸ்க்டொப் வழமையாகத் திறக்கும் 3389ஆம் வாசலை இணையத்தில் திறந்து போடாதீர்கள். விபிஎன் என்ற பாதுகாப்பான தனி வழியாக மட்டும் உள்ளே வாருங்கள்.

“எங்கள் செக்ரோல் மென்பொருள் புதியதில் ஓடாதே” என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. டொஸ் காலத்தில் எழுதிய 16-பிட் மென்பொருட்கள் 64-பிட் விண்டோஸில் நேரே ஓடாது. விண்டோஸ் 11 வருவதே 64-பிட்டில் மட்டும். பெயர் பதிந்த கணக்கும், கொழுந்து நிறுவையும், ஊழியர் சேமலாப நிதி விபரமும் பல வருஷமாக அந்தப் பழைய பெட்டிக்குள் கிடக்கின்றன. அவை ஒரு தொழிலாளியின் முதுமைக் காலச் சோறு. அதைத் தூக்கி எறி என்று சொல்ல எனக்கு உரிமை இல்லை.

இங்கேதான் கொத்மலை வானொலி வழி காட்டுகிறது. பழைய கணினியை டிரான்சிஸ்டர்போல் உள்ளே வையுங்கள். அதற்கு இன்டர்நெட் வேண்டாம். பக்கத்தில், ஆதரவு உள்ள ஒரு புதிய கணினியை வையுங்கள். வெளியிலிருந்து உதவுகிறவர் அந்தப் புதிய கணினிக்குத்தான் வரவேண்டும். அங்கிருந்து உள் வலையமைப்பு வழியாக மட்டும் பழையதை எட்ட வேண்டும். வசதி இருந்தால், பழைய விண்டோஸையே புதுக் கணினிக்குள் ஒரு மெய்நிகர் கணினியாக ஓட்டலாம். அதற்கும் வெளி இணைப்புக் கொடுக்காதீர்கள். கணக்கின் பிரதியை வாரம் ஒரு தடவை தனி ஹார்ட் டிஸ்க்கில் எடுத்து, கழற்றி, அலுமாரியில் வைத்துப் பூட்டுங்கள்.

தெரிவு செய்யும் வரிசையும் மாறவேண்டும். நாம் முதலில் விண்டோஸைத் தெரிவு செய்து, பிறகு மென்பொருளைத் தேடி, கடைசியில் உதவிக்கு ஆள் தேடுகிறோம். திருப்பிப் போடுங்கள். எனக்கு யார் உதவப்போகிறார், அவர் கையில் என்ன கருவி இருக்கிறது, அந்தக் கருவி எந்தப் பதிப்புகளில் ஓடும், அவற்றில் எதற்கு ஆதரவு அதிக காலம் இருக்கிறது, என் கணினி அதைத் தாங்குமா? இந்த வரிசையில் கேட்டால், விடை தானாக வந்து நிற்கும்.

மாணவர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. வங்கியிலிருந்து பேசுகிறோம், டெலிபோன் கம்பனியிலிருந்து பேசுகிறோம் என்று யாராவது அம்மாவுக்கோ அப்பாவுக்கோ போன் எடுத்து, ரிமோட் மென்பொருள் ஒன்றைப் போடச் சொல்லி, திரையில் வரும் இலக்கத்தைக் கேட்டால், அது திருட்டு. இலக்கத்தைக் கொடுத்துவிட்டால் வீட்டுச் சாவியையே கொடுத்த மாதிரி. நாமாகத் தேடிப்போய்க் கேட்ட உதவிக்கு மட்டுமே அந்த இலக்கத்தைச் சொல்லலாம். இதை இன்றைக்கு வீட்டுக்குப் போய்ச் சொல்லுங்கள்.

உங்கள் எல்லோரிடமும் ஒரு வேலை கேட்டு முடிக்கிறேன். நாளைக்கு ஆபிஸுக்கோ பாடசாலைக்கோ போனதும் ஒரு வெள்ளைத் தாள் எடுங்கள். ஒவ்வொரு கணினிக்கும் நான்கு விபரம் எழுதுங்கள். எந்த இயங்குதளம், ஹோமா புரோவா. 32-பிட்டா 64-பிட்டா. ஆதரவு எந்தத் திகதியில் முடிகிறது. எந்த ரிமோட் மென்பொருள், அதன் பதிப்பு என்ன. கடவுச்சொல்லை மட்டும் அதில் எழுதவேண்டாம். தாளைக் கணினியின் பக்கவாட்டில் ஒட்டி, ஒரு பிரதியை உங்களுக்கு உதவுகிறவரிடம் கொடுத்துவிடுங்கள். ரோடு மூடிக் கிடக்கும் நாளில் நீங்கள் போன் எடுக்கும்போது, அவர் கையிலும் அந்தத் தாள் இருக்க வேண்டும்.